மூன்று நாள் பூங்கொடி

எங்கள் அலுவலகத்துக்கு வருடத்துக்கு ஒரு முறை ஒற்றுமைக் காய்ச்சல் வரும். போன தடவை மகாபலிபுரம் கடற்கரையில் கயிறு இழுத்தோம்; எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கு முந்தைய தடவை கண்ணைக் கட்டிக்கொண்டு சமைத்தோம். சமைத்ததைச் சாப்பிடவும் சொன்னார்கள். இந்த வருடம், திருப்பூரில் மூடிக் கிடக்கும் ஒரு பனியன் கம்பெனிக்குள் மூன்று நாள் தொழிலாளர்களாக வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது.

நாங்கள் சென்னையில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு, வெளிநாட்டுக் கடைகளுக்காகத் திருப்பூரில் துணி தைத்து வாங்கி அனுப்புகிறவர்கள். தைக்கிறவர்களின் பாடு தெரிந்தால் நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் பாசமாகிவிடுவோம் என்று மேலிடத்தில் யாரோ நம்பியிருக்கிறார்கள்.

எனக்குத் திருப்பூர் புதிதல்ல. சில வருடம் முன்புவரை கம்பெனிகளில் ஆடிட் செய்வதற்காக மாதம் இரண்டு முறை வருவேன். காலையில் இறங்கி, கோப்புகளைப் புரட்டி, பத்துத் தொழிலாளர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டு, படிவத்தை நிரப்பிவிட்டு மாலை ரயிலைப் பிடித்துவிடுவேன். அப்படி நூறு கம்பெனி பார்த்திருப்பேன். ஊரை மட்டும் பார்த்ததில்லை. அது கார் கண்ணாடிக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

முதல் நாள் காலை ஸ்டேஷனில் ஆறு பேர் இறங்கினோம். வேன் ஓட்டி வந்தவர் ஒடிசாக்காரர். கைபேசியில் வழி பார்த்துக்கொண்டே வீரபாண்டியில் ஏதோ ஒரு கேட் முன்னால் எங்களை இறக்கிவிட்டு, பெட்டிகளை எடுத்து வைத்து, கும்பிடும் போட்டுவிட்டுப் போய்விட்டார். அது வேறு கம்பெனி. ஷிப்டு தொடங்குகிற நேரம். எங்களைச் சுற்றிப் பெண்கள் சோற்றுப் பைகளோடு ஓட, காவலாளி என் கையைப் பிடித்து, "ஏனுங்க இத்தன லேட்டு, சீக்கிரம் உள்ள போங்க" என்றார். போயிருந்தால் அன்று முழுக்க அங்கே பீஸ் மடித்திருப்பேன், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சென்னையில் ஒரு காவலாளி நம்மை உள்ளே விடுவதற்கு அரை மணி நேரம் ஆகும். இங்கே வெளியே நிற்பவனை உள்ளே தள்ளுகிறார்கள்.

பெட்டிகளை உருட்டிக்கொண்டு நடந்தோம். வழியில் ஒரு டீக்கடை. பக்கத்தில் இரண்டு வடநாட்டுப் பையன்கள் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் குழுவிலேயே இளையவளான ரேவதிக்கு இந்தி தெரியும். டீயை வைத்துவிட்டு மெதுவாக என் பக்கம் சாய்ந்தாள்.

"சார், நாம போற இடத்தைப் பத்தித்தான் பேசறாங்க. 'அங்கதான் யாரும் வேலை செய்யறதில்லையே'ங்கறான் ஒருத்தன். 'ஆனா தினம் காலையில பேர் கூப்பிடற சத்தம் ரோட்டுக்குக் கேக்குது'ங்கறான் இன்னொருத்தன்."

நான் சிரித்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

சரியான கேட்டில் பெயர்ப்பலகையைக் கழற்றியிருந்தார்கள். பெங்களூரிலிருந்து இந்த விளையாட்டை நடத்த வந்திருந்த நிகில் எங்களை வரவேற்றான். பளபளவென்று இருந்தான். விதிகள் மூன்று. கைபேசிகளை ஒப்படைக்க வேண்டும். ராத்திரி மாடியிலிருக்கும் பழைய ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். மூன்று நாளும் சொந்தப் பெயரை உச்சரிக்கக் கூடாது. கார்டில் என்ன பெயரோ அதுதான் நாம். யார் மீறினாலும் குழுவுக்கு ஒரு மதிப்பெண் போகும்.

கார்டுகளைக் கொடுத்தது பழனியம்மாள். இந்தக் கம்பெனி ஓடிய காலத்தில் செக்கிங் பிரிவுக்குச் சூப்பர்வைசராக இருந்தவர். இப்போது நிகில் கம்பெனி அவரையும் பழைய ஆட்கள் எட்டுப் பேரையும் நடிப்பதற்காகச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். மற்ற ஐந்து பேருக்கும் கார்டுகள் போட்டிருந்த பிஸ்கட் டின்னை நீட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு மட்டும் நீட்டவில்லை. முந்தானையிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் கையில் வைத்தார்.

எண் 214. பூங்கொடி. செக்கிங்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மீசை இருக்கிறது. நிகிலிடம் காட்டினேன். "அதெல்லாம் பாக்காதீங்க, உள்ள போய் வாழுங்க" என்றான்.

பெயர் கூப்பிட்டார்கள். பழனியம்மாளின் கையிலிருந்த பழைய பதிவேட்டில் நாற்பது பெயர்களுக்கு மேல் இருந்தன. நாங்கள் மொத்தமே பதினைந்து பேர்தான். இல்லாதவர்களின் பெயர்களையும் அவர் விடவில்லை. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும், பதில் வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றார். மின்விசிறி மட்டும் சுற்றியது. பிறகு அடுத்த பெயர்.

"பூங்கொடி."

நான் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து இரண்டு பெண் குரல்கள் ஒன்றாக, "இருக்கேனுங்க" என்றன.

திரும்பினேன். பழைய ஆட்களில் இரண்டு பேர் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கழுத்திலிருந்த கார்டுகளில் வேறு பெயர்கள். யாரும் சிரிக்கவில்லை. பழனியம்மாள் என்னையே பார்த்தார். நானும் "இருக்கேன்" என்றேன்.

செக்கிங் வேலை ஒன்றும் கம்பசூத்திரமில்லை. மேஜைமேல் துணியை விரித்து, தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அரை மணியில் கண் பூத்துவிட்டது. மதியம் அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய். நான் இரண்டு முறை வாங்கினேன். பழனியம்மாள் பக்கத்தில் வந்து, "நல்லாச் சாப்புடு கண்ணு, எளைச்சுப் போயிட்டே" என்றார். என்னை யாரும் அப்படிச் சொல்லி இருபது வருடம் ஆகிறது. அவர் என்னிடம் பேசவில்லை, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிடம் பேசினார் என்று தோன்றியது.

நாலு மணி டீக்குத் தண்ணீர்த் தொட்டியடியில் தனியாக நின்றேன். பழனியம்மாள் வந்தார். இப்போது குரல் வேறாக இருந்தது.

"சார், உங்களைக் கேட்டுலயே கண்டுக்கிட்டேனுங்க. நாலு வருசத்துக்கு மிந்தி நீங்க இங்க ஆடிட்டுக்கு வந்தீங்க. அதானுங்க அந்தக் கார்டைத் தனியா எடுத்து வெச்சேன்."

எனக்கு எந்தக் கம்பெனியும் ஞாபகமில்லை. சும்மா தலையாட்டினேன்.

"அந்தக் கார்டுல நீங்க அஞ்சாவது பூங்கொடிங்க."

அவர் சொன்னது இதுதான். நிஜப் பூங்கொடி கல்யாணமாகிக் கணியூருக்குப் போய்விட்டாள். ஆனால் எங்களைப் போன்றவர்களிடம் கொடுத்த ஆள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. பட்டியலை மாற்றினால் ஆயிரம் கேள்வி வரும். அதனால் அடுத்து வந்தவளை அதே கார்டில் உட்கார வைத்தார்கள். அவள் போனதும் இன்னொருத்தி. காலையில் எனக்கு முந்திக்கொண்டு பதில் சொன்ன இரண்டு பேரும் ஒவ்வொரு காலத்தில் பூங்கொடியாக இருந்தவர்கள். கூப்பிட்ட பழக்கத்தில் வாய் வந்துவிட்டது.

"நாலாவதா ஒரு புள்ள வந்துச்சுங்க. தெக்கத்திப் புள்ள. அந்தப் பக்கத்து ஆளுக வேற யாருமில்ல அப்ப. சொந்தப் பேரு யாருக்கும் தெரியக்கூடாதுன்னு கூட்டியாந்த ஏசெண்டு மெரட்டி வெச்சிருந்தான். எட்டு மாசம் என் பக்கத்துல நின்னு வேலை பாத்துச்சு. ஒரு நாள் பீஸைக் கையில புடிச்ச வாக்குல விழுந்துருச்சுங்க. பூங்கொடிங்கற பேர்லதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போனாங்க. கோயமுத்தூருக்கு மாத்திட்டாங்கன்னாங்க. ஷிப்மெண்டு முடிஞ்சு அடுத்த நாயித்துக்கெழமைதான் என்னால போக முடிஞ்சுது. பூங்கொடின்னு கேட்டா, அந்தப் பேர்ல யாருமே இல்லைன்னுட்டாங்க. வேற என்ன பேரச் சொல்லிக் கேப்பேன்?"

அவர் டீயைக் குடிக்காமல் டம்ளரைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"ஆடிட்டுல பேரு கேட்டா பூங்கொடின்னு சொல்லோணும்னு நாந்தானுங்க சொல்லிக் குடுத்தேன். ஆனா உங்ககிட்ட மட்டும் நெசத்தச் சொல்லிட்டேன்னு அன்னிக்கு ராத்திரி எங்கிட்ட வந்து சொல்லுச்சு. அப்பக்கூட உம் பேரு என்ன கண்ணுன்னு நான் கேக்கலீங்க. ஏன்டி சொன்னேன்னு திட்டினேன். உசுரோட இருக்காளா இல்லையான்னு விசாரிக்கறதுக்கே ஒரு பேரு வேணுமல்லங்க. அது உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று மாலை ஒலிபெருக்கியில், யாரோ கார்டை விட்டு வெளியே வந்து பேசியதாகச் சொல்லி எங்கள் குழுவுக்கு ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். தொட்டியடியில் நாங்கள் பேசியதை யார் கேட்டார்கள், எங்கிருந்து கேட்டார்கள் என்று தெரியவில்லை.

இரண்டாம் நாள் காலை சந்தகையும் தேங்காய்ப்பாலும். சென்னையில் இதை இடியாப்பம் என்று ஏமாற்றுவார்கள். இது அதற்கு அக்கா முறை. ஆனாலும் எனக்கு இறங்கவில்லை. ஹாஸ்டல் கட்டிலில் படுத்து இரவெல்லாம் பெயர்களை உருட்டியிருந்தேன். முத்துலட்சுமி. பேச்சியம்மாள். காளீஸ்வரி. எதுவும் உட்காரவில்லை. ஒரு பெண் வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தாள், தயங்கினாள், ஒரு பெயரைச் சொன்னாள். அதுவரைக்கும் வந்தது. முகம்கூட இல்லை. ஆடிட் அன்று மதியம் எனக்குப் பிரியாணி வாங்கி வைத்திருந்தார்கள், அதில் முட்டை இல்லை என்று நான் கேட்டு வாங்கினேன், அது மட்டும் துல்லியமாக ஞாபகம் இருந்தது. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்றவளை "ரேவதி" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். இரண்டடி தூரம்தான். "மல்லிகா" என்றேன். சட்டென்று திரும்பினாள். "சொல்லுங்க பூங்கொடி" என்றாள். மல்லிகா என்பதுதான் அவள் கார்டில் இருந்த பெயர். விளையாட்டை ஒழுங்காக விளையாடுகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணில் மட்டும் விளையாட்டு இல்லை. ஒரே நாளில் இப்படி ஆகுமா என்றால், எட்டு மாதத்தில் எப்படி ஆகும் என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்குக் கரண்ட் போயிற்று. நல்ல வெயில் நேரம். ஆனால் உயரத்தில் இருந்த ஜன்னல்களில் பழைய பஞ்சு அடைந்து, ஹாலுக்குள் வெளிச்சம் பழுப்பாக இறங்கியது. நான் மேஜையின் அடியில் கையை வைத்தேன். விரலில் ஏதோ நெருடியது. குனிந்து பார்த்தேன். மேஜையின் அடிப்பலகை முழுக்கச் சிவப்பு அம்புகள். நூற்றுக்கணக்கில், ஒன்றின்மேல் ஒன்று படாமல், வரிசை வரிசையாக.

பழைய பூங்கொடிகளில் ஒருத்தி பக்கத்து மேஜையிலிருந்து ரகசியமாகச் சொன்னாள்: "குறை இருக்குதுன்னு நாம அம்பு ஒட்டுவோமுங்க. லோடு போகோணும், விட்ருன்னு மேல இருந்து சொல்லுவாங்க. பீஸ்ல இருந்து உரிச்சுப்போட்டு விட்ருவோம். அந்தப் புள்ள மட்டும் உரிச்சதத் தூரப் போடாது. அடியில ஒட்டி வெக்கும். எதுக்குன்னு கேட்டா, நான் பாத்தேன்னு இருக்கட்டுங்கும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லோடு போகணும் என்று மேலிருந்து சொல்லுகிறவன் யார்? அந்த மேல் என்பதில் ஒரு மாடி நான்தான். கரண்ட் வந்து மின்விசிறி சுற்றியபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பழனியம்மாள் தூரத்திலிருந்து என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன், இல்லை என்று. அவர் பதிவேட்டை மூடினார். மறுநாள் மாலையோடு எங்கள் வேன் கிளம்பிவிடும்.

மூன்றாம் நாள் விளையாட்டின் உச்சக்கட்டம் என்றான் நிகில். ஆடிட் நடக்கப்போகிறது. அவனுடைய உதவியாளர் ஒரு சின்னப் பெண், கண்ணாடி போட்டவள், ஆடிட்டராக நடிப்பாள். நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பதில் சொல்ல வேண்டும். முன்கூட்டியே பழனியம்மாள் எங்களுக்குப் பதில்களைச் சொல்லித் தர வேண்டும் என்பதும் விளையாட்டில் இருந்தது. "பேரு கேட்டா கார்டுல இருக்கறதச் சொல்லோணும்" என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்தபோது வாய் அசைந்தது, குரல் வரவில்லை.

முதலுதவி அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே காலை வைத்ததுமே தெரிந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் எப்போதோ தெறித்த ரோஸ் நிறச் சாயக்கறை. ஆடிட்டுக்கு வந்த அன்று நான் மேஜைக்கு அந்தப் பக்கம், கறைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். எதிரே உட்காருகிறவர்கள் முகத்தில் மதிய வெயிலில் அந்த நிறம் விழும். இப்போது அது என் கையில் விழுந்தது.

அந்தப் பெண் படிவத்தைப் புரட்டினாள். எங்கள் அலுவலகப் படிவமேதான். அதிலிருக்கும் கேள்விகளை எழுதியவனே நான். முதல் கேள்வியை அவள் வாசிக்குமுன் எனக்குத் தெரியும்.

"உங்க பேர் என்ன? பயப்படாம சொல்லுங்க. இது நமக்குள்ள இருக்கும்."

கழுத்தில் கார்டு கனத்தது. நான் யோசிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவில்லை.

"என் பேரு பூங்கொடி இல்லீங்க," என்றேன். "சந்தன மேரி. விளாத்திகுளம் பக்கம்."

அந்தக் குரல் என்னுடையதுதான். ஆனால் அந்த நாற்காலியில் அதே வரிசையில் அதே வார்த்தைகள் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லப்பட்டிருக்கின்றன. நான் அவற்றின்மேல் போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். எல்லாம் வந்துவிட்டது. ஒல்லியான பெண். ரோஸ் விழுந்த முகம். அன்று அவள் பெயரைச் சொன்னபோது என் கைபேசி அடித்தது. கண்டெய்னர் ஏற்றியாகிவிட்டதா என்று மேலதிகாரி கேட்டார். ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். பிறகு பேனாவை எடுத்தேன்.

கண்ணாடிப் பெண் சிரித்தாள். "சார், கேரக்டரை விட்டு வெளிய வராதீங்க ப்ளீஸ்." பிறகு குனிந்து எழுதினாள். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்ன எழுதுகிறார்கள் என்பது தெரியாது. பேனா அசைவது மட்டும் தெரியும்.

வெளியே பழனியம்மாள் கதவோரம் நின்றிருந்தார். பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன்.

"மேரியா," என்றார். "எட்டு மாசமும் என்னோட மாகாளியம்மன் கோயிலுக்கு வந்து வெளியவே நின்னுச்சுங்க. வெக்கப்படுதுன்னு நெனச்சேன்."

மாலை கடைசியாகப் பெயர் கூப்பிட்டார்கள். எண் 214 வந்தது. பழனியம்மாள் பதிவேட்டைப் பார்க்கவில்லை.

"சந்தன மேரி."

நின்றார். அவ்வளவு நேரம் அவர் வேறு எந்தப் பெயருக்கும் நிற்கவில்லை. பழைய பூங்கொடிகள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் பதில் சொல்லவில்லை. ரோட்டில் யாரோ வண்டியை நிறுத்தியது கேட்டது. நிகில் கடிகாரத்தைப் பார்த்து, அந்தப் பெயர் பட்டியலில் இல்லை, ஒரு மதிப்பெண் போகிறது என்று அறிவித்தான்.

பிறகு எங்களை வட்டமாக நிற்க வைத்துக் கார்டைக் கழற்றிச் சொந்தப் பெயரைச் சொல்லச் சொன்னான். ரேவதி தன் பெயரைச் சொல்லிவிட்டு ஏனோ அழுதாள். என் முறை வந்தபோது ரகுநாதன் என்பதற்கு எனக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. கிளம்பும்போது பழனியம்மாளிடம் என் எண்ணை எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த வேனில் யாரும் யாரோடும் பேசவில்லை. ஒற்றுமையாகத்தான் வந்தோம்.

பத்து நாளில் தபாலில் சான்றிதழ் வந்தது. கெட்டித் தாள், தங்க நிற ஓரம். 'பூங்கொடி, செக்கிங் பிரிவு, மூன்று நாள் பணியைச் சிறப்பாக நிறைவு செய்தார்.' பெயரைத் திருத்த மறந்துவிட்டார்கள். அலுவலகம் முழுக்கச் சிரித்தது. யாரோ அதற்குச் சட்டமும் போட்டு என் மேஜையில் வைத்தார்கள்.

இன்னும் சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் பழனியம்மாள் கூப்பிட்டார். தென் மாவட்டத்து ஆட்கள் பூசைக்கு வருகிற சர்ச் வாசலில் ஒவ்வொரு ஞாயிறும் போய் நின்றிருக்கிறார். நாலாவது ஞாயிறு ஒரு விளாத்திகுளத்துக்காரர் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

"அவ ஊட்டுலதான் இருக்கேனுங்க சார். நல்லா இருக்கா. தையல் மிசின் போட்டிருக்கா. இந்தாங்க, பேசுறாளாம்."

தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, நின்றது.

"சார், சந்தன மேரி பேசுதேன். நல்லா இருக்கீகளா? அக்கா எல்லாம் சொன்னாவ." குரல் தெளிவாக இருந்தது. நலம் விசாரித்தேன். மூளையில் கட்டி என்று பயந்தார்களாம், ரத்தம் இல்லாததுதானாம், அப்பா வந்து கூட்டிப் போய்விட்டாராம். பிறகு அவள், வெகு நாளாகக் கேட்க வைத்திருந்ததைப் போலக் கேட்டாள்.

"சார், ஒரு உதவி. இங்க பக்கத்துல ஒரு கம்பெனி வருது. முன்னால வேலை பார்த்ததுக்குச் சீட்டு கேக்காவ. எனக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா அன்னைக்கு என் பேர நீங்க எழுதுனீயல்ல சார். நான் பார்த்தேன், பேனா அசைஞ்சுச்சு. அந்தத் தாள்ல ஒரு நகல் கிடைக்குமா?"

எனக்கு முன்னால் சட்டத்துக்குள் பூங்கொடி மூன்று நாள் வேலை பார்த்ததற்குத் தங்க ஓரத்தோடு சான்று இருந்தது.

"இல்லம்மா," என்றேன். "நான் பூங்கொடின்னுதான் எழுதினேன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிற அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்கு இப்போது தெரியும்.

"அப்ப இப்ப எழுதுங்க சார்," என்றாள்.

அலுவலகத் தாளை எடுத்தேன். அவளை எந்தக் கம்பெனியில், எந்த வேலையில் பார்த்தேன் என்றும், அவள் சொன்ன பெயரை மறைத்து வேறு பெயரை எழுதியது நான்தான் என்றும் எழுதினேன். பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ரேவதி, "சார், இது வெளிய போனா உங்க வேலை போயிடும்" என்றாள். கீழே ரகுநாதன் என்று கையெழுத்துப் போட்டேன்.

"எழுதிட்டேன்மா."

"வாசிங்க," என்றாள்.

அவள் பெயரிலிருந்து தொடங்கி வாசித்தேன்.

"பேர மட்டும் இன்னொரு தடவை வாசிங்க சார்," என்றாள்.